குழாய்க்குள் குடியிருந்தவர்கள்

போன மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆலையில் இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறாளாம். ஆலைக்கு இனிமேல் சுத்திகரித்த தண்ணீர் வெளியிலிருந்து குழாயில் வந்துவிடும், ஏரித் தண்ணீர் தேவையில்லை, அதனால் பழைய நிலத்தடித் தொட்டியை மண் கொட்டி மூடப்போகிறோம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், வேலைக்கு வந்தவங்க அந்த சம்ப் கிட்ட போகவே மாட்டேங்கிறாங்க. அதுக்குப் பேரே கண்ணப்பன் சம்ப்பாம். மூடியில காது வெச்சா உள்ள யாரோ மூச்சு வுடுற சத்தம் கேக்குதாம். யாரு மேடம் கண்ணப்பன்? உள்ளயே செத்துட்டாரா?"

போனில் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதியது இதுதான்.

அது வேதிப்பொருள் ஆலை. நான் அங்கே தண்ணீர் ஆய்வகத்தில் வேலை செய்தேன். என் பெயர் எஸ்தர். வேதியியல் படித்துவிட்டு மேல்நிலைப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தவள், தற்காலிகமாக என்று சொல்லிப் போய்ச் சேர்ந்து, தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன். முதல் வருடம் முழுக்கப் பாட்டில் கழுவினேன். அதற்கடுத்து உப்பு, அமிலம், கடினத்தன்மை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என் மேலதிகாரி முனிரத்தினம் சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து ரயிலில் வருவார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பட்டன் போட்டுத்தான் அணிவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒருமுறைதான். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். சோதனைக்கு எந்தத் தண்ணீர் வந்தாலும் உடனே கருவியில் வைக்கமாட்டார். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒருமுறை மோந்து பார்ப்பார். நான் இரண்டாம் முறை மோந்தால் பாட்டிலை வாங்கிவிடுவார்.

"மொத மோப்பந்தாம்மா மோப்பம். அப்புறம் மூக்கு பழகிக்கும். பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்."

ஒரு கோடையில் குளிரூட்டும் தண்ணீரின் ஓட்டம் குறைய ஆரம்பித்தது. பம்ப் நன்றாக ஓடியது, வால்வுகள் திறந்திருந்தன, தண்ணீர் மட்டும் வரவில்லை. குழாய் வழியில் உள்ள சல்லடையைக் கழற்றினார்கள். சுத்தம் செய்ய வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். நான் போய்ப் பார்த்தேன். சல்லடை நிறைய முடி. நீளமாக, பழுப்பாக, ஈரமாக, ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. ஏரியில் விழுந்து செத்த எவளோ ஒருத்தியின் தலைமயிர் என்று அன்று மதியத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. பம்ப் அறை வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள்.

கண்ணப்பன் அப்போதுதான் எங்களுக்கு அறிமுகம். பழவேற்காடு ஏரியோரக் குப்பத்து ஆள். மீன்பாடு இல்லாத மாதங்களில் ஒப்பந்தக்காரரிடம் குழாய் வேலைக்கு வருவார். கூடவே சேகர் வருவான். கண்ணப்பனின் தங்கையைக் கட்டியவன். இரண்டு பேரும் ஒரே சைக்கிள், ஒரே சாப்பாட்டுத் தூக்கு. யாரும் தொடாத அந்தச் சல்லடையில் கண்ணப்பன்தான் கையை விட்டார்.

"முடியில்லம்மா. தோணி அடியில இத்தப்போல எவ்ளோ சொரண்டிக்கினு இருக்கறோம்," என்றார். பிறகு கழற்றி வைத்திருந்த குழாய்த் துண்டுக்குள் விரலை விட்டவர், முகம் மாறிக் கையை எடுத்தார். "ஆனா இது இன்னாவோ தெரியல. தொட்டா உள்ள இழுத்துக்குது."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் வடியாத அந்தக் குழாயின் உள்சுவர் முழுக்க ஏதோ ஒரு மிருகத்தின் ரோமம் போல மெத்தென்று இருந்தது. விரல் பட்டதும் அந்த மென்மை போய்விட்டது. நார்நாராகச் சொரசொரப்பு மட்டும் மிஞ்சியது. அசையாமல் விரலை வைத்திருந்தேன். சற்று நேரத்தில் விரலைச் சுற்றி மறுபடியும் மென்மை வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

சார் அதில் ஒரு கொத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏரித் தண்ணீரோடு வைத்தார். உருப்பெருக்கிக்கு அடியில் தள்ளினார். கிண்ணத்தைத் தொடக்கூடாது, மேசையில் சாயக்கூடாது என்று சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அப்படியே நின்றேன். வெறும் பழுப்புக் குழல்கள்தான் தெரிந்தன, கிளைகிளையாக, காய்ந்த வேர் மாதிரி. எவ்வளவு நேரம் போனதோ. ஒரு குழலின் நுனியிலிருந்து கண்ணாடி மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. மெல்ல விரிந்தது. விரல்களை அகல விரித்த சின்னக் கை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லா நுனிகளிலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் முழுக்கக் கைகள்.

"பாசின்னு நெனச்சேன் சார்."

"பாசி இல்லம்மா. பிராணி. ஒவ்வொரு நுனியிலயும் ஒரு ஆளு. அதுக்குன்னு வாயி இருக்கு, வயிறு இருக்கு. தண்ணியில வர்றத அதுவே புடிச்சித் திங்குது. ஆனா உள்ள பாத்தீன்னா ஒடம்புத் தண்ணி எல்லாருக்கும் ஒண்ணு. ஒருத்தன் பக்கத்துலயே இன்னொருத்தன் மொளைக்கிறான். அவன் மேல இன்னொருத்தன். கீழ இருக்கறது செத்துப்போவும். காலிக் குழலு அப்படியே நிக்கும். அதும் மேல உசுரோட இருக்கறவங்க குடியிருப்பாங்க."

"இதுல தலை எது சார்?"

"கெடையாது."

ஊசி ஒன்றை எடுத்து ஒரே ஒரு கையின் நுனியைத் தொட்டார். அது சட்டென்று குழலுக்குள் போய் மறைந்தது. ஒட்டி நின்ற மற்றவை அசையவில்லை. விரித்த கைகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருந்தன. பக்கத்து ஆள் போனது அவற்றுக்குத் தெரியவே இல்லை. பிறகு சார் ஊசியின் பின்புறத்தால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை கைகளும் ஒரே கணத்தில் காணாமல் போயின. வெறும் வேர். உயிர் இருந்த தடமே இல்லை.

ஆலை முழுக்க, நாங்கள் நடக்கிற தரைக்கு அடியில், சுவர்களுக்குள், தலைக்கு மேல் போகிற குழாய்களில் எல்லாம் அது இருக்கிறது என்ற நினைப்பே போகவில்லை. ஆய்வகக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வருவதற்கு முன் ஒரு நொடி காத்திருப்பேன். எதைக் காத்திருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதைக் கொல்வது சாருடைய பொறுப்பானது. குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார். மருந்து வரும்போது குழலுக்குள் போய்விடும், மருந்து தீர்ந்ததும் வெளியே வந்துவிடும். அது பாட்டுக்கு எங்களுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. கடைசியில் வருடாந்திர ஷட்டவுனுக்கு முன், ஆலை நிற்கப்போகும் தைரியத்தில், நிலத்தடித் தொட்டியில் மருந்தை நிறையக் கொட்டி மூடிவிட்டார். அந்தத் தொட்டிதான் சம்ப். ஏரித் தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம். ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும், நடுவில் தூண்கள், மேலே கான்கிரீட் தளம், ஆள் இறங்க ஒரு வட்ட வாய். அலுமினிய ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும்.

தண்ணீரை இறைத்துவிட்டு மூடியைத் திறந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஏறியிருந்தது. மீன் மார்க்கெட்டை ஒரு வாரம் பூட்டி வைத்துத் திறந்தது போல ஒரு வாடை மேலே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர், தூண், கூரையின் அடிப்பக்கம் எல்லாம் பழுப்பு ரோமம். கூரையிலிருந்து சடை சடையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற சத்தம் ஒரே சீராக இல்லை. நெருங்குகிறது போலவும் விலகுகிறது போலவும் இருந்தது. செத்த பிறகும் இவ்வளவு நிறைந்திருக்கிறதே என்று தோன்றியது.

செய்ய வேண்டியதை சார் செய்தார். காற்றூதியைக் காலையிலிருந்தே ஓடவிட்டிருந்தார். விஷவாயு இருந்தால் காட்டும் வாயுமானியைக் கயிற்றில் கட்டித் தானே இறக்கினார். மேலே, நடுவே, அடியில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணப்பன் இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைச் சேகர் கையில் கொடுத்தார். கண்ணப்பன் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம் கேட்டது. அடியில் கணுக்கால் அளவு சேறு, செத்து விழுந்தவை எல்லாம் அழுகிக் கிடந்த சேறு. அதில் மிதித்து, தூண் தூணாகச் சுற்றி வந்தார். கயிறு தூணில் மாட்டிக்கொண்டது. "ரோதனயா கீதுப்பா இது," என்று கீழேயிருந்து குரல் வந்தது. சேகர் இழுத்துப் பார்த்தான். கயிறு லேசாக வந்தது, வெறும் நுனி. கண்ணப்பன் அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

சார் குனிந்து, "கண்ணப்பா, கயிறக் கட்டு. இல்லன்னா மேல வா," என்றார்.

"தோ வரேன் சார். இந்தத் தூண முடிச்சிட்டு." பிறகு கொஞ்சம் உற்சாகமாக அந்தக் குரல் வந்தது: "இப்ப நாத்தமே இல்ல சார்! சுத்தமாப் பூட்ச்சி! நல்லா கீது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேகரும் சிரித்தான். நான் சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேலே நின்ற நாங்களே அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம். அழுகலைக் கிளறினால் வருகிற வாயு கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொல்லும், அப்புறம் ஆளை.

"மேல வா கண்ணப்பா! இப்பவே! ஏணிக்கு வா!" அன்றைக்குத்தான் சார் கத்திக் கேட்டேன்.

சுரண்டி சேற்றில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. டார்ச் அடித்தேன். ஒரு தூணில் முதுகு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி சரிந்து கிடந்தார். முகம் எங்களைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

"மாமா!" என்று சேகர் ஏணியை நோக்கிப் பாய்ந்தான். சார் குறுக்கே விழுந்து அவனைத் தள்ளினார். அவன் தடுமாறி எழுவதற்குள் சார் ஏணியின் மேல் கம்பியைப் பிடித்துவிட்டார். என்னைப் பார்த்தார்.

"புடிம்மா எஸ்தரு. இழு."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். நீளமான ஏணி, கம்பி கம்பியாக, கான்கிரீட் விளிம்பில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே வந்தது. கீழே ஒரு மனிதன் கிடக்க, அவன் மேலே வருவதற்கு இருந்த ஒரே வழியை நாங்கள் உருவிக்கொண்டிருந்தோம்.

சேகர் சாரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "டேய், உள்ள என் மாமன் கீறான்டா! ஏணிய வுடுடா!" முகத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி தெறித்து உடைந்தது. சார் கையைத் தூக்கவில்லை. "நீ எறங்கினா ஏணி பாதியிலயே வுழுந்திடுவ நைனா. உன்னத் தூக்க இன்னொருத்தன் எறங்குவான். அவனத் தூக்க இன்னொருத்தன்," என்றார். மறுபடியும் அறை விழுந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இறங்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஏணி மட்டும் அங்கே கிடந்திருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போயிருப்பார்கள். அதை நான் இன்றும் நம்புகிறேன்.

அறை வாங்கிக்கொண்டே அவர் உத்தரவு போட்டார். காற்றூதியின் குழாயை அடிவரை இறக்கச் சொன்னார். கருவிகளுக்குப் போகும் அழுத்தக் காற்றுக் குழாயைக் கழற்றி, கண்ணப்பன் முகம் இருந்த பக்கம் தொங்கவிடச் சொன்னார். பக்கத்து அமில ஆலையில் மூச்சுக்கருவியோடு மீட்பு ஆட்கள் உண்டு, அவர்களைக் கூப்பிட ஆள் ஓடினான். அவர்கள் வரும்வரை நான் டார்ச்சைக் கண்ணப்பன் மேலேயே வைத்திருந்தேன். கை வலித்தாலும் எடுக்க மனம் வரவில்லை, இருட்டில் விட்டுவிடக்கூடாது என்று மட்டும் இருந்தது. காற்று பட்டுச் சுவரில் தொங்கிய சடைகள் எல்லாம் ஆடின. ஒரே பக்கமாக, ஒன்றுபோல, கண்ணப்பனை நோக்கி. மூச்சு இழுப்பது போல இருந்தது. இழுத்தது எது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

முகமூடி போட்ட ஆட்கள் வந்து, ஏணியை மறுபடி இறக்கி, அவரைக் கட்டித் தூக்கினார்கள். மேலே வந்தபோது உதடு நீலம். மார்பு லேசாக ஏறி இறங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். சேகரும் கூடவே ஏறினான். ஏறும்போது சாரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

கண்ணப்பனின் உடம்பில் ஒட்டியிருந்த அந்தப் பழுப்புக் கொத்து ஒன்று தரையில் கிடந்தது. சார் உடைந்த கண்ணாடியோடு குனிந்து அதை எடுத்தார். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். அத்தனையும் செத்த குழல்கள். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓரத்தில் ஒரு நுனி அசைந்தது. ஒரே ஒரு கை, கண்ணாடி போல, வெளியே வந்து விரிந்தது. நிதானமாகத் தண்ணீரைத் துழாவ ஆரம்பித்தது. சுற்றியிருந்தவை எல்லாம் செத்ததும் அதே இடத்தில் ஒரு மனிதன் சாகப் பார்த்ததும் அதற்கு என்ன தெரியும்? சார் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அமிலத்தை ஊற்றினார்.

விசாரணை வந்தது. ஒப்பந்தக்காரரும் நிர்வாகமும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். சாருக்குப் பதவி உயர்வு நின்றுபோனது. குப்பத்து ஆட்கள் மத்தியில் வேறு கதை பரவியது. ஆளை உள்ளே போட்டு ஏணியை உருவிய அதிகாரி என்பதுதான் அவர் பெயர். ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள் கண்ணப்பனைப் பார்த்ததே இல்லை. செத்துப்போனார் என்று அவர்கள் முடிவு கட்டியது அப்படித்தான்.

கண்ணப்பன் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், "போய்ப் பாக்கணும்மா, நீயும் வா," என்றார் சார். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். ஏரிக்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டு வீடு. கண்ணப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தங்கை எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். சேகர் வாசற்படியில் வலையைச் சரிசெய்துகொண்டு தலையைத் தூக்காமல் இருந்தான். சார் நின்றுகொண்டிருந்தார்.

அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க மணம். கண்ணப்பன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "ஒண்ணும் தெரியலம்மா. வாசன, நாத்தம் ஒண்ணும் இல்ல. வாயில போட்டாத்தான் காரமா இன்னான்னு தெரியுது." புகார் சொல்கிற குரலில்லை. "பரவால்ல. மீனு கெட்டுதா இல்லியான்னு தங்கச்சி பாத்துச் சொல்லிடுவா."

சார் தொண்டையைக் கனைத்தார். எப்போதும்போல மெதுவாகப் பேசினார், நாங்கள் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"கண்ணப்பா. அன்னிக்கி ஏணிய மேல இழுத்தது நான். யார் யாரோ ஒன்கிட்ட சொல்லியிருப்பாங்க. நானே சொல்லணும்னுதான் வந்தேன்."

வாசலில் வலை ஊசி நின்றுவிட்டது.

"யாரும் சொல்லணுமா சார்? நான் பாத்தேனே," என்றார் கண்ணப்பன்.

சார் அசையவில்லை.

"கை கால் எதுவும் என்னுதா இல்ல. கண்ணு மட்டும் தொறந்துக்கினு கெடந்துச்சி. சொவுரு பூரா அதுங்க. அதுங்க கூட நானும் ஒண்ணா ஒட்டிக்கினா மாதிரி கீது. பயமே இல்ல சார், அதான் இப்ப நெனச்சா பயமா கீது. மேல ரவுண்டா வெளிச்சம். அந்த வெளிச்சத்துல ஏணி போவுது. கம்பி கம்பியா மேல போவுது." கையை உயர்த்திக் காட்டினார். "சேகரு எறங்கிடுவானோ, எறங்கிடுவானோன்னு அது ஒண்ணுதான் மனசுல. இவ வயித்துல புள்ளையோட கீறா. ஏணில அவன் காலு இருக்குதான்னு பாத்துக்கினே இருந்தேன். கடசிக் கம்பியும் போச்சி. அவன் காலு இல்ல. அப்பாடான்னு கண்ண மூடிக்கினேன்."

அடுப்பங்கரையில் அவர் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சேகர் வலையைக் கீழே வைத்தான். எழுந்து உள்ளே போனான். சாமான்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தான். சாரின் காலருகே வைத்தான்.

"ஒக்காருங்க சார்," என்றான்.